புயலுக்கு முன் யாரை, யார், எதில், எங்கே, எப்போது: கடலோர ஊராட்சியில் மாற்றுத்திறனாளிகளோடு சேர்ந்து மீட்புத் திட்டம் போடுவது எப்படி?

நாகப்பட்டினம், கடலூர் மாதிரியான கடலோர மாவட்டங்களில் பேரிடர்த் திட்டம் என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய இடம் பெரும்பாலும் ஒரே வரிதான்: கர்ப்பிணிகள், முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை அளிக்கப்படும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு யாரையும் வீட்டிலிருந்து பத்திரமாக வெளியே கொண்டுவர முடியாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது நள்ளிரவுக்குப் பிறகு. அப்படிப்பட்ட இரவில் யார் வீட்டுக் கதவை யார் தட்டுவது, எதில் ஏற்றுவது, எங்கே இறக்குவது என்பதெல்லாம் ஏற்கெனவே முடிவாகியிருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஐந்து விடை வேண்டும்: யாரை, யார், எதில், எங்கே, எத்தனை மணிக்கு. இதில் ஒன்று விடுபட்டாலும் அது வெறும் பட்டியல்தான்.

இதைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ன் 8-ஆம் பிரிவு, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தன் மாவட்டத்து மாற்றுத்திறனாளிகளின் விவரங்களைப் பராமரிக்க வேண்டும், ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தகவல் சேரும்படி செய்ய வேண்டும் என்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் 2019-ல் இதற்கெனத் தனி வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கோ மனு எழுதும்போது இந்த இரண்டையும் குறிப்பிடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால், மே 1 கிராம சபையில் குழு அமைப்பது, ஜூன், ஜூலையில் வீடு வீடாகக் கணக்கெடுப்பது, ஆகஸ்ட் 15 கிராம சபையில் முகாம், வாகனம், செலவு பற்றித் தீர்மானம் போடுவது, செப்டம்பரில் ஒத்திகை நடத்துவது என்று வரும். அக்டோபர் 2 கிராம சபையில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த வருஷத்துக்கு எதுவும் நடக்காது.

குழுவில் யார் யார்?

தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாகச் சேர்க்க 2025-ல் சட்டத்திருத்தம் நிறைவேறியது. நல்ல தொடக்கம்தான். ஆனால் கால் நடக்க முடியாத ஒருவரால் காது கேளாதவரின் சிக்கலையும் சேர்த்துச் சொல்ல முடியாது. நடமாட்டச் சிரமம் உள்ளவர், பார்வையற்றவர், காது கேளாதவர், அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையின் தாய் அல்லது தகப்பன், மனநலச் சிகிச்சையில் இருப்பவர் அல்லது அவர் வீட்டார் என்று குறைந்தது ஐந்து பேராவது வேண்டும். அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். இரவில் அறிமுகமில்லாத ஆண்கள் வந்து தூக்குவது, முகாமில் உடை மாற்ற இடமில்லாதது போன்றவற்றை அவர்கள் எடுத்துச் சொன்னால்தான் உண்டு.

கூட்டம் மாடியில் நடந்தால் வர வேண்டியவர் வரமாட்டார். தரைத்தளத்தில், பகல் நேரத்தில், ஆட்டோ செலவைக் கொடுத்துக் கூட்டுங்கள். சைகை மொழி தெரிந்தவர் ஊரில் இல்லையென்றால் பக்கத்திலுள்ள காது கேளாதோர் பள்ளி ஆசிரியரை அழைக்கலாம். வீட்டார் சைகையில் சுருக்கிச் சொல்வதை மட்டும் நம்பினால், காது கேளாதவர் கேட்க நினைத்த கேள்வி கேட்கப்படாமலே போகும்.

கணக்கெடுப்பு: அட்டை இருப்பவர்களோடு நின்றுவிடக் கூடாது

உதவித்தொகைப் பட்டியலும் தனித்துவ அடையாள அட்டைப் பட்டியலும் தொடக்கத்துக்கு உதவும். சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது; ஆனால் சான்றிதழ் வாங்காதவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. மனநோயை மறைக்கும் குடும்பம், கல்யாணம் தடைபடும் என்று மகளுக்கு வலிப்பு இருப்பதைச் சொல்லாத குடும்பம், வயதாகிக் கண் மங்கியதைக் குறைபாடாகவே நினைக்காத பாட்டி என்று பலர் விடுபடுவார்கள். இவர்களைத் தெரிந்தவர்கள் அங்கன்வாடிப் பணியாளரும் கிராம சுகாதார செவிலியரும் மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலரும்தான். அவர்களையும் சேர்த்துக்கொண்டு போங்கள்.

"உங்க வீட்டுல ஊனமுற்றவங்க இருக்காங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும். அதற்குப் பதிலாக, மாற்றுத்திறனாளிகள் கணக்கெடுப்புக்கென உலக அளவில் பயன்படும் வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகளைக் கேளுங்கள்: கண்ணாடி போட்டாலும் பார்ப்பதில் சிரமமா, கருவி மாட்டினாலும் கேட்பதில் சிரமமா, நடப்பதில், படி ஏறுவதில் சிரமமா, நினைவு வைத்துக்கொள்வதில், கவனம் செலுத்துவதில் சிரமமா, குளிப்பது, உடுத்துவது போன்ற தன் வேலைகளில் சிரமமா, பேசிப் புரியவைப்பதிலோ புரிந்துகொள்வதிலோ சிரமமா. ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்கள்: சிரமமில்லை, கொஞ்சம், நிறைய, முடியவே முடியாது. ஏதாவது ஒரு கேள்விக்கு "நிறைய" அல்லது "முடியாது" என்றால் அவருக்குத் தனித்தாள் போட வேண்டும். மனநலம் இந்த ஆறில் சரியாகப் பிடிபடாது. "தினமும் விடாமல் எடுக்க வேண்டிய மருந்து ஏதும் உண்டா, கரண்ட் இல்லாமல் ஓடாத கருவி உண்டா, டயாலிசிஸ் உண்டா?" என்று சேர்த்துக் கேளுங்கள்.

பெரியவர் எதிரிலேயே இருக்க, அவர் மருமகளிடம் பதில் வாங்காதீர்கள். பேசக்கூடியவரிடம் நேராகக் கேளுங்கள்.

தனித்தாளில் பெயர், வயது, வீட்டுக்கு வழி, இரண்டு கைபேசி எண்கள் இருந்தால் மட்டும் போதாது. பகலில் வீட்டில் கூட யார் இருப்பார், இரவில் யார் என்று தனித்தனியாக எழுதுங்கள். தறிக்கோ நாற்று நடவோ போகும் மகள் இரவில்தான் வீட்டில் இருப்பார். சக்கர நாற்காலியின் அகலம், மடங்குமா, பேட்டரி வண்டியா. எப்படித் தூக்கினால் வலிக்காது. எதைச் சொன்னால் பதற்றம் குறையும். எந்தக் காது கொஞ்சம் கேட்கும். எழுத்து வாசிப்பாரா, சைகையா. துணைக்குப் பெண்தான் வேண்டுமா என்பதெல்லாம் தாளில் இருக்கட்டும்.

இந்தத் தாளை ஊராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டவே கூடாது, கிராம சபையில் வாசிக்கவும் கூடாது, வாட்ஸ்அப் குழுவில் போடவும் கூடாது. தனியாக இருக்கும் பெண், நடக்க முடியாதவர், மனநோய் உள்ளவர் யார் யார் என்று ஊருக்கே சொன்னதாகிவிடும். சம்மதக் கையெழுத்து வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒரு படி கிராம நிர்வாக அலுவலரிடம், ஒரு படி ஊராட்சிச் செயலரிடம், அவரவர் தாள் அவரவர் வீட்டிலும் துணையாளிடமும் இருந்தால் போதும். கணினியில் மட்டும் வைத்தால் மின்சாரம் போன பிறகு அதைத் திறக்க வழியிருக்காது.

துணையாட்கள்

ஒருவருக்கு இரண்டு துணையாட்கள், தூக்க வேண்டியவர் என்றால் நான்கு. எல்லாரும் நடந்து ஐந்து நிமிடத்துக்குள் வரக்கூடியவர்களாக இருக்க வேண்டும். மீனவர் குப்பங்களில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. திடகாத்திரமான இளைஞர்கள் என்று படகுக்காரர்களைத் துணையாட்களாகப் போட்டுவிடுவார்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் அவர்கள் படகை மேடேற்றவும் வலையையும் எஞ்சினையும் காப்பாற்றவும் கடற்கரைக்குத்தான் ஓடுவார்கள், அது அவர்கள் பிழைப்பு. ஆகவே நால்வரில் இருவராவது கடல் தொழிலில் இல்லாதவர்களாக இருக்கட்டும். கைக்குழந்தைக்காரர்களையும் விட்டுவிடுங்கள். சுய உதவிக் குழுப் பெண்கள் இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானவர்கள். பெண் துணை வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அவர்களைத்தான் போட வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளும் துணையாட்களாக இருக்கலாம். பார்வையற்ற ஒருவர் இருட்டில் தன் தெருவை மற்றவர்களைவிட நன்றாக அறிவார். சக்கர நாற்காலியில் இருப்பவர் தொலைபேசியில் ஒவ்வொரு வீட்டையும் சரிபார்க்கும் பொறுப்பை எடுத்துக்கொள்ளலாம்.

எச்சரிக்கை எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேர

ஆட்டோவில் ஒலிபெருக்கி, கோயில், பள்ளிவாசல், தேவாலய மைக் எல்லாம் காது கேட்பவர்களுக்கு. கைபேசியில் வரும் எழுத்துச் செய்தி வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு. காது கேளாதவர் வீட்டுக்கு நேரில் ஆள் போக வேண்டும். கதவைத் தட்டினால் கேட்காது. ஜன்னல் வழியே டார்ச் அடிப்பதா, வாசலில் இழுத்தால் உள்ளே விளக்கு எரியும் சுவிட்ச் வைப்பதா என்று முன்பே பேசி வையுங்கள். "புயல்", "இப்போதே கிளம்பு", "முகாம்", "மருந்து எடு", "தண்ணீர் ஏறுது" என்ற ஐந்தாறு சைகைகளைத் துணையாட்கள் அத்தனை பேரும் பழகட்டும். கண்ணும் காதும் இரண்டும் இல்லாதவருக்கு உள்ளங்கையில் தொட்டுச் சொல்லும் ஒரு குறி வேண்டும். அதை அவரே தேர்ந்தெடுக்கட்டும். அறிவுசார் குறைபாடுள்ளவருக்குப் படம் போட்ட நான்கு அட்டைகள் போதும்: மழை, பை, வண்டி, பள்ளிக்கூடம்.

எப்போது கிளப்புவது?

வானிலைத் துறை புயலுக்கு 72 மணி நேரம் முன்பே முன்னறிவிப்பு தரும், 48 மணி நேரத்துக்கு முன் முதல் எச்சரிக்கை, 24 மணி நேரத்துக்கு முன் அடுத்த எச்சரிக்கை. ஊராட்சியின் வேலையை இந்த மூன்றோடும் முடிச்சுப் போடுங்கள்.

72-ல் எல்லா வீட்டுக்கும் ஒரு அழைப்பு: துணையாட்கள் ஊரில் இருக்கிறார்களா, மருந்து எத்தனை நாளுக்கு இருக்கிறது? டயாலிசிஸ் செய்துகொள்பவரின் முறையை முன்கூட்டி வைக்கச் சொல்லி மருத்துவமனையில் பேச வேண்டியதும் அன்றுதான். 48-ல் வண்டியை உறுதி செய்து, முகாமைத் திறந்து, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். 24 மணி நேர எச்சரிக்கை வந்த பகலிலேயே இவர்களை முகாமுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். ஊர் முழுக்கக் கிளம்பும் அறிவிப்புக்குக் காத்திருக்கக் கூடாது. காற்று வலுத்த பிறகு 108 வண்டி வராது, மரம் விழுந்து பாதை அடைபடும், நான்கு பேர் ஒருவரைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது பறந்துவரும் தகரத்துக்கு ஒதுங்க முடியாது.

போக மறுப்பவர்கள் இருப்பார்கள். அதைப் பிடிவாதம் என்று தள்ளிவிடாமல் காரணத்தைக் கேட்டால் பெரும்பாலும் விடை கிடைக்கும்: "அங்க கக்கூஸ் போக முடியாது", "போன தடவை என் வண்டிய ஏத்த மாட்டேன்னுட்டாங்க", "ஆட்ட யார் பாத்துப்பா?" ஒவ்வொன்றும் செப்டம்பரிலேயே தீர்க்கக்கூடியது.

ஏற்றுவதும் தூக்குவதும்

டாடா ஏஸ் மாதிரி பின்தட்டு இறங்கும் சிறு வண்டிதான் சக்கர நாற்காலிக்குத் தோது. ஏற்ற ஒரு பலகை, கட்டக் கயிறு, மேலே தார்ப்பாய் வேண்டும். ஆட்டோவில் ஆளை ஏற்றிவிட்டு நாற்காலியை வீட்டில் விட்டுப் போகாதீர்கள். அது இல்லாமல் முகாமில் அவர் தரையில் தவழ வேண்டியிருக்கும். செயற்கைக் கால், காலிப்பர் (காலில் மாட்டும் தாங்கி), ஊன்றுகோல், வெள்ளைக் கோல் எல்லாம் அப்படித்தான். ஆளோடு கருவியும் போக வேண்டும்.

கடற்கரை மணலில் சக்கர நாற்காலியை முன்னால் தள்ளினால் சிறிய முன்சக்கரம் புதைந்து ஆள் முகங்குப்புற விழுவார். நாற்காலியைத் திருப்பி, பின்பக்கம் சற்றுச் சாய்த்து, பெரிய சக்கரங்கள் இரண்டில் மட்டும் நிறுத்திப் பின்னோக்கி இழுங்கள். நூறு மீட்டருக்கு மேல் மணல் என்றால் கைப்பிடியுள்ள உறுதியான மர நாற்காலியின் இரு பக்கமும் இரண்டு மீட்டர் சவுக்குக் கம்பு கட்டி, நெஞ்சுக்குக் குறுக்கே துண்டால் கட்டி, நான்கு பேர் சுமக்கலாம். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம்; காலும் கையும் சட்டென்று முறியும். கம்பும் கயிறும் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும்.

படியில் ஏற்றும்போது நாற்காலியின் கழற்றக்கூடிய கைத்தாங்கியையோ கால்தாங்கியையோ பிடிக்காதீர்கள், கையோடு வந்துவிடும். இரும்புச் சட்டத்தைப் பிடியுங்கள். தசைச்சிதைவு நோயுள்ளவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் தோள் தாங்காமல் நழுவி விழுவார். முதுகையும் தொடையையும் சேர்த்துத் தாங்க வேண்டும். முதுகுத் தண்டுவடம் பாதித்தவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாமல் இருக்கலாம். வண்டித் தரையில் சூடோ ஆணியோ பட்டாலும் அவருக்குத் தெரியாது, மெத்தையோடு ஏற்றுங்கள். பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ள, அரை எட்டு முன்னால் நடந்து, "படி ஏறுது", "இடப்பக்கம் பள்ளம்" என்று சொல்லிக்கொண்டே போங்கள்.

பையில் என்ன?

எல்லாருக்கும் பொதுவானது: பதினாலு நாள் மருந்து, மருந்துச் சீட்டின் நகல், அடையாள அட்டை, ஆதார், ரேஷன் அட்டை நகல்கள், விசில், டார்ச். வலிப்பு மாத்திரை இரண்டு நாள் நின்றாலே பல வருஷம் வராத வலிப்பு திரும்ப வரலாம். மனநல மருந்தையும் திடீரென நிறுத்தக் கூடாது. முகாமில் மருத்துவர் வருவார் என்று நம்பி இந்த இரண்டையும் விட்டுவிடக் கூடாது. பொது மருத்துவ முகாமில் இவை கையிருப்பில் இருப்பது அரிது.

காது கருவிக்குச் சரியான எண்ணுள்ள பேட்டரி, காற்றுப் புகாத டப்பா. சக்கர நாற்காலிக்கு டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், கைப்பம்ப். கதீட்டர் (சிறுநீர் வெளியேற்றும் குழாய்) வைத்திருப்பவருக்கு மாற்றுக் குழாய், பை, கையுறை.

சிலருக்கு ஒரு பையில் அடங்காது. வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவருக்கு நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் பை மூன்று, நான்கு தேவை. ஒரு வாரத்துக்கு 21 முதல் 28 பைகள், நாற்பது கிலோவுக்குக் குறையாது. வண்டியில் அதற்கு இடம், முகாமில் சுத்தமான ஒரு தனி மூலை இரண்டையும் முன்பே ஒதுக்க வேண்டும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் செறிவூட்டி வைத்திருப்பவர் விஷயமும் அப்படியே. நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் தரும் கருவி சுமார் 350 வாட் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. 1,500 லிட்டர் கொள்ளும் பி வகை சிலிண்டர், நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் ஓட்டத்தில் பன்னிரண்டு மணி நேரம் வரும். கஜாவுக்குப் பிறகு டெல்டா ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஆகவே ஆக்சிஜன் கருவி தேவைப்படுபவர்களை ஊர்ப் பள்ளிக்கூட முகாமுக்குக் கொண்டுபோவது சரியல்ல. ஜெனரேட்டர் உள்ள அரசு மருத்துவமனைக்கு 48 மணி நேரத்துக்கு முன்பே அனுப்புங்கள்.

முகாம்: டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள்

தேர்தல் சாவடியாக இருக்கும் பள்ளிகளில் சாய்தளம் இருக்கும். இருக்கிறது என்று கேட்டுத் திருப்திப்படாமல் அளந்து பாருங்கள். உயரம் ஒரு பங்கு என்றால் நீளம் பன்னிரண்டு பங்கு வேண்டும். திண்ணை 60 செ.மீ. உயரமென்றால் சாய்தளம் 7.2 மீட்டர் ஓட வேண்டும். நாம் பார்ப்பதோ இரண்டு மீட்டரில் செங்குத்தாக இறங்கும் சிமெண்ட் சறுக்கல். மழையில் அதில் நாற்காலியை ஏற்ற முடியாது, இறக்கினால் பிடி நழுவும். சாய்தளம் தொடங்கும் இடத்தில் சேறாக இருந்தாலும், மேலே முடியும் இடத்தில் ஒரு நிலைப்படி குறுக்கே நின்றாலும் அது பயன்படாது. கதவு 90 செ.மீ. திறக்கிறதா என்று பாருங்கள். கட்டடப் பணியை ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்க வேண்டும். அதுவரைக்கும் சொரசொரப்பான கனமான பலகையும் இரண்டு பக்கம் பிடிக்க ஆளும் ஏற்பாடு செய்யுங்கள்.

கழிப்பறைதான் முகாமின் உயிர்நாடி. அதற்குப் போக முடியாதவர் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார். இரண்டாம் நாள் சிறுநீர்த் தொற்று, காய்ச்சல். தண்டுவடம் பாதித்தவருக்கு அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். கீழே உட்காரும் கோப்பைதான் இருக்கிறதென்றால், இருக்கையில் துளை வைத்த இரும்பு நாற்காலியை ஊர் வெல்டிங் பட்டறையில் செய்து கோப்பைமேல் வையுங்கள். கால்களுக்கு ரப்பர் புஷ், சுவரில் ஒரு கைப்பிடி. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வேண்டும். இடமில்லையென்றால் கதவைக் கழற்றிவிட்டு, சற்றுத் தள்ளி ஒரு கனத்த திரையை மாட்டி, வெளியே ஆள் நிற்கட்டும்.

பாய்களுக்கு நடுவே 90 செ.மீ. பாதையை சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், இரவில் அதில் யாரும் படுக்காமல் பார்த்துக்கொள்ள ஒருவர் பொறுப்பு. படுக்கும் இடத்திலிருந்து கழிப்பறை வரை சுவரோரம் இடுப்பளவில் ஒரு கயிறு கட்டினால் பார்வையற்றவர் யாரையும் எழுப்பாமல் போய்வருவார். கூட்டமும் சத்தமும் தாங்காதவர்களுக்கு ஒரு சிறிய வகுப்பறை. நடக்க முடியாதவரைத் தரையில் விட்டுவிடாமல் கட்டிலோ, பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் மெத்தையோ கொடுங்கள். புரள முடியாதவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் அழுத்தப் புண் வரும். பராமரிப்பவரை எந்தக் காரணத்துக்காகவும் பிரித்து வேறு முகாமுக்கு அனுப்பாதீர்கள். சாப்பாடு வரிசைக்கு அவர்களை வரச் சொல்லாமல் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

ஒத்திகை

ஒத்திகையில் கல்லூரி மாணவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துப் படம் எடுப்பதால் யாருக்கும் பயனில்லை. சம்மதிக்கும் மாற்றுத்திறனாளியையே, அவர் வீட்டிலிருந்து, அவருடைய துணையாட்களோடு கிளப்புங்கள். கதவைத் தட்டிய நேரம், வண்டியில் ஏறிய நேரம், முகாமில் கழிப்பறைக்குள் போய் வெளியே வந்த நேரம் என்று மூன்றையும் குறியுங்கள். எத்தனை வண்டி, எத்தனை நடை என்ற கணக்கு இந்த நேரங்களிலிருந்துதான் வரும். இருபது பேருக்கு ஒரே வண்டி, நடைக்கு நாற்பது நிமிடம், ஒரு நடைக்கு இரண்டு பேர் என்றால் கடைசி ஆள் போய்ச் சேர ஏறக்குறைய ஏழு மணி நேரம். காலை ஒன்பதுக்குத் தொடங்கினால் மாலை நான்காகிவிடும். இரண்டாவது வண்டி வேண்டுமா என்பதை அந்தக் கணக்கைக் காட்டிக் கேளுங்கள். ஒத்திகை முடிந்ததும் முதலில் அவரிடம் கேளுங்கள்: எங்கே வலித்தது, எங்கே பயந்தீர்கள், எதை மாற்ற வேண்டும்?

புயல் ஓய்ந்த பிறகு

வீடு திரும்பும் முன் துணையாள் போய் வழியில் அறுந்த மின்கம்பி, விழுந்த மரம், உள்ளே பாம்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வர வேண்டும். பார்வையற்றவருக்குப் பழகிய அடையாளங்கள் எல்லாம் மாறியிருக்கும். ஒருமுறை கூட நடந்து காட்டுங்கள். சேதக் கணக்கெடுப்பில் கூரையும் ஆடும் மாடும் வரும். அடித்துப்போன சக்கர நாற்காலியும் காது கருவியும் வராது. அதற்குத் தனியாக ஒரு பத்தி சேர்த்து மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அனுப்புங்கள். நிவாரணம் ரேஷன் கடை வழியாக வந்தால் வரிசையில் நிற்க முடியாதவருக்கு வீட்டுக்குக் கொண்டுபோய்த் தர ஆள் வேண்டும். தொழுநோயால் விரல் மழுங்கியவருக்கும் கை இல்லாதவருக்கும் கைரேகைக் கருவி ஒத்துவராது; மாற்று வழியில் வழங்க அனுமதியை வட்ட வழங்கல் அலுவலரிடம் மழைக்காலத்துக்கு முன்பே எழுதி வாங்கி, நகலைக் கடையில் கொடுத்துவையுங்கள்.

தனித்தாள்களை வருஷத்துக்கு இரண்டு முறை, ஜூனிலும் செப்டம்பரிலும் சரிபார்க்க வேண்டும். கைபேசி எண் மாறியிருக்கும், துணையாள் வேலைக்கு வெளியூர் போயிருப்பார், ஒரு குழந்தை வளர்ந்து இப்போது இருவர் சேர்ந்து தூக்கும் எடைக்கு வந்திருக்கும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070; இரண்டையும் ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்.